வெற்பினுக்கு வேலி வேண்டும்!

"கல்தானே! புல்லும் முள்ளும் மண்டிக் கிடக்கும் குன்றுதானே! குடைந்தால் கனிமம் கிடைக்கும். கனிமம் கிடைத்தால் காசு குவியும். காசு குவிந்தால் நாடு செழிக்கும். தடுப்பவன் நாட்டின் பகைவனன்றோ?"

இவ்விதம் பேசுகின்றனர் பெரிய இடத்துப் பேரறிஞர்கள். பேசட்டும்! அவர்களையும் அழைத்துக்கொண்டு, மதுரை மாவட்டத்து மேலூருக்கு அருகே உள்ள அரிட்டாபட்டிக்குச் சென்று வருவோம், வாருங்கள்.

ஏழு குன்றுகள். மழைநீர் பாறையில் வழிந்து, சுனையில் தங்கி, ஏரியில் இறங்கி, வயலில் பாய்கிறது. 200 சுனைகள், 72 ஏரிகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று அரசே கணக்குக் கூறுகிறது. குகையின் நெற்றியிலே, ஈராயிரம் ஆண்டுகட்கு முன் தமிழன் பொறித்த தமிழி எழுத்து! ஏட்டிலே அழிந்த வரலாறு கல்லிலே நிற்கிறது. இதுவா வெறும் கல்?

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் எனும் இரு சிற்றூர்களின் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அத்தகைய அறிவிப்பு அதுவே முதலாவது. ஊர் மகிழ்ந்தது, மலை பிழைத்தது என்று நம்பியது.

இரண்டே ஆண்டுகள்! 2024 நவம்பரில் வந்தது செய்தி: ஒன்றிய அரசின் ஏலத்திலே, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது! தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர். காக்கப்பட்டதாகக் கூறப்பட்ட அந்த 193 ஹெக்டேரும் அதற்குள்ளே அடக்கம்! ஒரு கை காப்பு கட்டியது. மற்றொரு கை விலைச்சீட்டு ஒட்டியது.

எங்ஙனம் முடிந்தது? 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தை 2023இல் திருத்தி, டங்ஸ்டன் போன்ற கனிமங்களை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. மலை இங்கே, மணியடித்து ஏலம் கூறுவது தில்லியிலே!

உழவர் சீறி எழுந்தனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. 2024 டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது ஒன்றிய அரசு கூறிய சமாதானம் என்ன தெரியுமா? பாரம்பரியத் தலம் தொகுதியில் பத்தில் ஒரு பங்குதானாம். அதை மட்டும் விலக்கி, எல்லையை மாற்றி வரைய ஆராயலாமாம்! தலையை விட்டுவிடுகிறோம், உடலைத்தான் வெட்டுகிறோம் என்பதுபோல் இல்லையா இது? சுனையை விட்டுவிட்டு, சுனைக்கு நீர் தரும் சுற்றுப்புறத்தை வெட்டினால், சுனை எதைச் சுரக்கும்? கண்ணீரையா? ஏமாறவில்லை மக்கள். 2025 சனவரி 7ஆம் நாள் மதுரை நோக்கித் திரண்டு நடந்தனர். அதே மாதம் 23ஆம் நாள் ஏலம் ரத்தாயிற்று.

வெற்றிதான்! மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, ஏலம் ஒழிந்தது. ஏலம் விடும் உரிமை ஒழிந்ததா? அடுத்த குன்றின் பெயர் அடுத்த பட்டியலில் வந்தால், மறுபடியும் உழவன் கலப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதக்கணக்கில் நடக்க வேண்டுமா? கால் வலிக்கும்வரைதான் மலைக்கு வாழ்வா?

"மலையிலே சாமி குடியிருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்" என்பாரும் உளர். கோயிற்காட்டிலே கிளை ஒடிக்க அஞ்சிய நம் பாட்டனை நான் பழிக்கவில்லை. அவன் அச்சத்தால் சில மரங்கள் பிழைத்தன. ஆனால் வெடிமருந்துக்கு அச்சமுண்டா? இதே மேலூர் வட்டாரத்தில் பாறைகள் கிரானைட் பலகைகளாக அறுபட்டபோது எந்தச் சாமி எழுந்து வந்தது? 2012இல் முறைகேட்டை அம்பலமாக்கியது அருள்வாக்கு அன்று. மாவட்ட ஆட்சியரின் அறிக்கை! மலையைக் காப்பது மந்திரமல்ல, மக்கள் விழிப்பு. அவ்விழிப்பு உறங்கும் நேரத்திலும் காவல் நிற்பது சட்டம்.

"சட்டம் இயற்ற மாநிலத்துக்கு ஏது வலிமை?" என்று கேட்பர். கனிமத்திலே ஒன்றியத்தின் கை ஓங்கியிருப்பது உண்மை. மாநிலப் பட்டியலிலிருந்த காட்டையும் 1976இல் பொதுப்பட்டியலுக்கு மாற்றினர்; அதுவும் உண்மை. ஆனால் நிலமும் நீரும் இன்றும் மாநிலப் பட்டியலில்தானே உள்ளன? 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றம்தானே! வயலுக்கு வேலியிட்ட கை, வெற்பினுக்கு இட நடுங்குவானேன்? அச்சட்டம் முன்பே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை. அதுவும் நமக்கொரு பாடம். வெட்டிய பிறகு வரும் வேலியால் பயனில்லை.

"காப்பகம் என்றால் ஏழையை விரட்டும் வேலிதானே?" இக்கேள்வியில் நியாயம் உண்டு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் வெள்ளையன் செய்தது. ஆடு மேய்த்தவனைக் குற்றவாளியாக்கியது. அவ்வேலி நமக்கு வேண்டாம். நாம் கேட்பது பொதுக்காப்பகம். மேய்ச்சலும் ஏரிப்பாசனமும் ஊரார் உரிமையாய் நிற்கட்டும். வெடியும் எந்திரமும் வெளியே நிற்கட்டும். கிண்டியிலே ஆளுநர் மாளிகையின் வளாகமாயிருந்த காடு, 1978இல் தேசியப் பூங்கா ஆகவில்லையா? மாளிகைக் காட்டைப் பொதுவாக்க முடிந்தது. மக்களின் மலையைப் பொதுவாகவே வைத்திருக்க முடியாதா?

எனவே கேட்கிறோம். குன்று, சுனை, சதுப்பு நிலம் ஆகியவற்றை, அவற்றுக்கு நீர் தரும் சுற்றுப்புறத்தோடு சேர்த்து, பொதுக்காப்பகமாக்கத் தனிச்சட்டம் வேண்டும். எல்லையை அளக்கும்போது கிராம சபை உடனிருக்க வேண்டும். ஓர் அடி குறைப்பதாயினும், அதிகாரியின் கையெழுத்தால் ஆகாது. சட்டமன்றத்தில், மக்கள் பார்க்க, வாக்கெடுத்தே ஆக வேண்டும். ஒன்றிய அரசு மறுப்பின், வழக்குமன்றத்தில் வாதாட நம் கையிலே தீர்மானம் மட்டும் போதாது. சட்டம் இருக்க வேண்டும்.

தீர்மானம் உணர்ச்சியைக் காட்டும். சட்டமே உரிமையைக் காட்டும். சட்டமன்ற உறுப்பினர்களே! அரிட்டாபட்டி உழவன் நடந்து முடித்துவிட்டான். இனி நடக்க வேண்டியவர்கள் நீங்கள்!