கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

"வாயில் திறந்திருக்கிறது, வந்தார்கள், பாதியிலே போனார்கள். அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்றால் அதற்கு நாமா பொறுப்பு?" — இப்படிக் கேட்கும் கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு. ஏற்றம் மிக்க அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை கிடைத்திருக்கிறது. தமிழ் மக்கள் அதை அறிய வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்று அங்கே ஓர் ஏற்பாடு. இரண்டாண்டுப் படிப்பு, பல்கலைக் கழகத்தைவிடக் கட்டணம் குறைவு, பள்ளிப் படிப்பை முடித்தவருக்குப் பெரும்பாலும் இடம் மறுக்கப்படுவதில்லை. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தோன்றிய கல்லூரி இன்றும் நடக்கிறது. 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்றது, பெருகின. குடியேறியவரின் மகன், கறுப்பினத் தொழிலாளியின் மகள் — குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்பவர்கள் — இங்கேதான் திரண்டு வருகிறார்கள்.

வந்தவர்கள் படும் பாட்டைப் பாருங்கள்! உதவித்தொகைக்கு ஒரு பாரம். அதிலே தாய் தந்தையின் வரவு செலவெல்லாம் கேட்கிறான். வீட்டிலே அப்படியொரு பாரத்தைப் பார்த்தவரே இல்லை. கணக்கிலே கொஞ்சம் தடுமாறினால் அடிப்படை வகுப்புக்குப் போ என்கிறான்; அந்த வகுப்புக்குக் காசு உண்டு, ஆனால் அது பட்டக் கணக்கிலே சேராது! ஆசிரியர் அறைக் கதவிலே 'அலுவலக நேரம்' என்று பலகை தொங்கும். ஐயம் கேட்க வருபவர்களுக்காக அவர் காத்திருக்கும் நேரம் அது. படித்த வீட்டுப் பிள்ளை நேரே நுழைகிறான். நம் பிள்ளையோ, ஆசிரியர் அலுவலாக இருக்கிறார், தொல்லை தரக்கூடாது என்று வெளியே நிற்கிறான்! யாரைக் கேட்பான்? நியூயார்க்கிலே ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் இருந்தார்கள்! மாலையில் கடையிலே வேலை, இரவிலே களைப்பு. ஒரு நாள் வருவதில்லை. மறுநாளும் வருவதில்லை. ஏனென்று கேட்க ஆளில்லை.

அறிவுக் குறைவா இது? இல்லை, ஆதரவுக் குறைவு!

வெறும் மேடைப் பேச்சு என்பார்கள். சரி, கணக்கையே காட்டுவோம். நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் 1970-இல் எல்லோருக்கும் வாயிலைத் திறந்தது. (நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியது என்று சொல்லி 1976-இல் கட்டணமும் விதித்தது. ஏழை உள்ளே வந்த ஆறாம் ஆண்டிலே!) அதே பல்கலைக் கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தைத் தானே ஏற்றது. பாடப் புத்தகத்துக்கு உதவி தந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் செல்ல இலவசச் சீட்டு தந்தது. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்களையே ஒப்படைத்தது. மாணவன் அவரை அடிக்கடி பார்க்க வேண்டும், முழுநேரமும் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பஸ் சீட்டு கொடுத்தால் பட்டம் வந்துவிடுமா என்று நகைத்தவர்களுக்காகச் சோதனையும் நடந்தது. ஏழை மாணவர் 896 பேர்; அடிப்படை வகுப்பு தேவைப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், பழைய வழியில் விடப்பட்டவர்களில் பட்டயம் பெற்றவர் நூற்றுக்கு 22; திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 40! நியூயார்க்கின் தனிச்சிறப்பு என்று ஒதுக்க முடியாதபடி ஒஹையோ மாநிலத்து மூன்று கல்லூரிகளிலும் செய்தார்கள். அங்கே 19, இங்கே 35. இரு பிரிவிலும் ஒரே வகைப் பிள்ளைகள். இனியும் எந்த முகத்தோடு 'படிப்பு வரவில்லை' என்பது?

செலவு உண்டு, மறைக்கவில்லை. நியூயார்க்கில் மூன்றாண்டில் ஒரு மாணவனுக்கு ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதல். ஆயினும் பட்டயம் பெற்று வெளிவந்தவர்களை எண்ணி வகுத்தால், ஒரு பட்டயத்துக்கு ஆன செலவு பழைய வழியைவிடக் குறைவு! பாதியிலே கைவிடப்பட்டவன்மீது செலவழித்த பணம் அல்லவா வீண் பணம்?

இந்தத் திட்டத்தில் இருந்த அனைவரும் முதல் தலைமுறையினர் அல்லர். ஆனால் வீட்டிலே கேட்க ஆளில்லாதவனுக்குத்தான் அந்த ஆலோசகர் அதிகம் தேவை.

இங்கே 2010-இல் கலைஞர் ஆட்சி, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வி சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தை ஏற்றது. சாதி பார்க்கவில்லை, வீட்டிலே பட்டதாரி உண்டா என்று மட்டும் பார்த்தது. பெருமைப்படுகிறோம். ஆனால் கட்டணம் கதவுவரை கொண்டுவந்து விடும். கதவுக்கு உள்ளே துணை வர ஆள் வேண்டும். ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் முதல் தலைமுறை மாணவர் 80 பேருக்கு ஓர் ஆலோசகர், அவருக்குப் பாடம் நடத்தும் சுமை இல்லாமல், முழுநேர ஊதியத்தோடு அமர்த்தினால் என்ன செலவாகும்? வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டு மன்றத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். நம்மவர் ஆட்சியானாலும் மாற்றார் ஆட்சியானாலும், இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.