மாணவரின் கணக்கைக் கலைக்கும் முடிவு

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான க்யூட் தேர்வை மீண்டும் முழுக்கக் கணினி வழியிலேயே, பல நாள்களில், பல ஷிஃப்டுகளாக நடத்துவது என்று 2025-ஆம் ஆண்டுக்கு எடுக்கப்பட்ட முடிவு தவறானது. அதற்கு ஓராண்டு முன்புதான், மாணவர்கள் அதிகம் எழுதும் 15 பாடங்கள் காகிதத் தேர்வாக மாற்றப்பட்டன. ஒரு பாடத்துக்கு ஒரே ஷிஃப்ட், எனவே ஷிஃப்டுகளின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் நார்மலைசேஷன் தேவைப்படாது என்று அப்போது உறுதி கூறப்பட்டது. அந்த உறுதி அடுத்த சேர்க்கைப் பருவம் வரைகூட நிலைக்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற, இடத்துக்குக் கடும் போட்டி நிலவும் ஒரு நிறுவனத்தில் தனக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, பிளஸ் 2 முடித்த மாணவர் விடை காண வழியில்லாமல் போனதே இதன் விளைவு.

ஒரு மாணவர் தன் வாய்ப்பைக் கணிக்க மூன்று தகவல்கள் போதும்: தன்னுடைய மதிப்பெண், முந்தைய ஆண்டு கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நிரம்பியது என்ற விவரம், இருக்கும் இடங்களின் எண்ணிக்கை. 2022-க்கு முன் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இம்மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கல்லூரிவாரியாக, பாடவாரியாகக் கட்-ஆஃப் பட்டியல் வந்தது. அந்த முறையில் குறை இருந்தது உண்மை. 2021-இல் இந்து கல்லூரியும் ராம்ஜாஸ் கல்லூரியும் அரசியல் அறிவியலுக்கும், ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி பொருளாதாரத்துக்கும் 100 சதவீதம் கட்-ஆஃப் கேட்டன. கல்வி வாரியங்கள் தாராளமாக மதிப்பெண் வழங்கியதன் விளைவு அது, மாற்றம் தேவைப்பட்டது. ஆனால் அந்த 100 சதவீதம்கூட மாணவருக்கு ஒரு தெளிவான செய்தியைச் சொன்னது. 97 சதவீதம் பெற்றவர் அந்தக் கதவு தனக்குத் திறக்காது என்று அன்றே தெரிந்துகொண்டு அடுத்த கல்லூரியை நாடினார். இன்று அந்தத் தெளிவு இல்லை.

முதல் குழப்பம் மொத்த மதிப்பெண்ணில் தொடங்குகிறது. 2024 வரை பெரும்பாலும் ஒரு பாடத்தில் 50 வினாக்கள் கொடுத்து, அவற்றில் 40-க்கு விடையளிக்கச் சொன்னார்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறைப்பு. ஆகப் பாடத்துக்கு 200. ஒரு மொழியும் மூன்று பாடங்களும் சேர்ந்தால் 800. 2025-இல் வினாக்களைத் தெரிவு செய்யும் வாய்ப்பு நீக்கப்பட்டு, 50 வினாக்களும் கட்டாயமாயின. பாடத்துக்கு 250, நான்குக்கும் சேர்த்து 1000. தேர்வு நேரமும் எல்லாப் பாடங்களுக்கும் 60 நிமிடம் என்றானது. பாடங்களின் எண்ணிக்கை 63-லிருந்து 37-ஆகச் சுருங்கியது. பழைய கட்-ஆஃபை விகிதம் போட்டு ஆயிரத்துக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. தெரியாத பத்து வினாக்களை விட்டுவிட முடிந்த தேர்வும் விட முடியாத தேர்வும் ஒன்றல்ல. மூன்று ஆண்டுகள் சேர்ந்திருந்த ஒப்பீட்டுத் தரவு ஒரே அறிவிப்பில் பயனற்றுப்போனது.

இரண்டாவது குழப்பம் நார்மலைசேஷன். தீங்கின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. ஒரே பாடத்துக்கு வெவ்வேறு ஷிஃப்டுகளில் வெவ்வேறு வினாத்தாள்கள் தரப்படுகின்றன. ஒன்று எளிது, இன்னொன்று கடினம். இதைச் சமன்செய்ய, மாணவர் தன் ஷிஃப்டில் எத்தனையாவது பர்சன்டைலில், அதாவது எத்தனை சதவீதம் பேருக்குச் சமமாகவோ மேலாகவோ, நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். அதே பர்சன்டைலுக்கு மற்ற ஷிஃப்டுகளில் என்ன மதிப்பெண் வருகிறது என்று கண்டு, எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்கிறார்கள். காலை ஷிஃப்டில் 200 எடுத்தவர் 95-ஆவது பர்சன்டைலில் இருக்கிறார் என்று கொள்வோம். மாலை ஷிஃப்டில் அதே 95-ஆவது பர்சன்டைலில் இருப்பவர் 220 எடுத்திருக்கிறார். இரண்டு ஷிஃப்டுகள் மட்டுமே என்றால் இருவருக்கும் 210 என்று முடிவாகும். காலையில் எழுதியவருக்குப் பத்து கூடுகிறது; மாலையில் எழுதியவருக்குப் பத்து குறைகிறது. புகழ்பெற்ற கல்லூரியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களில் முடிவாகும்போது, பத்து மதிப்பெண் என்பது ஒருவருடைய கல்லூரியையே மாற்றிவிடும்.

இந்த முறைக்குப் புள்ளியியல் அடிப்படை உண்டு. ஆனால் அது ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதும் மாணவர் கூட்டம் திறமையில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். லட்சக்கணக்கானோரைக் குலுக்கிப் பிரித்தால் அப்படி அமையலாம். ஊரையும் பாடத் தொகுப்பையும் பார்த்து ஷிஃப்ட் ஒதுக்கும்போது, குறைவான பேர் எழுதும் பாடத்தைச் சில ஷிஃப்டுகளாக உடைக்கும்போது, அந்த அனுமானம் ஆட்டம் காண்கிறது. திறமையானவர்கள் அதிகம் அமர்ந்த ஷிஃப்டில் எழுதிய மாணவர், தன் தவறு ஏதுமின்றிக் கீழே தள்ளப்படுகிறார்.

அதைவிட வேதனையானது, அவரால் எதையும் சரிபார்க்க முடிவதில்லை. தன் விடைப்பதிவையும் ஆன்சர் கீயையும் வைத்து அவர் கூட்டிய மதிப்பெண் ஒன்று. ஸ்கோர் கார்டில் வருவது வேறொன்று. ஆன்சர் கீயில் தவறு இருப்பதாகக் கருதினால் வினாவுக்கு 200 ரூபாய் கட்டி முறையிடலாம். நார்மலைசேஷனில் ஐயம் எழுந்தால் முறையிட வழியே கிடையாது. மற்ற ஷிஃப்டுகளின் மதிப்பெண் பரவல் அவருக்குக் காட்டப்படுவதில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கவுன்சலிங்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கான கட்-ஆஃபை, பிளஸ் 2 முடிவு வந்த அன்றே வீட்டில் உட்கார்ந்து கணக்கிடலாம். கல்லூரிக் கனவு காணும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த எளிமையே பெரிய பாதுகாப்பு.

வாய்ப்பு தெரியாமல் இருப்பதற்கு விலை உண்டு. டெல்லியில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால், அதற்கு மேலுள்ள விருப்பங்களுக்கு மட்டுமே நகர முடியும். உத்தேசத் தரவரிசை என்று ஒன்றைப் பல்கலைக்கழகம் காட்டுகிறது. முதல் பட்டியலுக்கு ஒருசில நாள்களுக்கு முன்புதான் அது வருகிறது. அதற்குள் தனியார் கல்லூரிகளின் கட்டணக் கெடு முடிந்துவிடுகிறது. பணம் உள்ள குடும்பம் ஓரிடத்தில் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறது. இல்லாத குடும்பம் கிடைத்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இந்த இருட்டில் ஆதாயம் அடைவது, கணிப்புகளைக் காசுக்கு விற்கும் கோச்சிங் மையங்கள் மட்டுமே. 2022 ஏப்ரல் 11 அன்று இத்தேர்வுக்கு எதிராகத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் எச்சரித்ததும் இத்தகைய மையங்கள் பெருகும் என்பதைத்தான்.

இந்த முடிவை எடுத்தவர்களுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம் என்றால், அவர்களின் கடந்த காலம் இடம் தரவில்லை. 2022-இல், முதல் க்யூட் தேர்விலேயே, ஆகஸ்ட் 4 அன்று பிற்பகல் ஷிஃப்ட் நாடு முழுவதும் ரத்தானது. செப்டம்பர் நடுவில்தான் முடிவு வந்தது. 2024-இல் டெல்லி மையங்களின் மே 15 தேர்வு, முந்தைய நாள் இரவு ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் 30 என்று சொன்ன முடிவு ஜூலை 28-இல் வந்தது. அதே ஆண்டு, க்யூட்டை நடத்தும் அதே அமைப்பு நடத்திய நீட் தேர்வில் 67 பேர் 720-க்கு 720 பெற்றனர். 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கி, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபின் அதைத் திரும்பப் பெற்றனர். முந்தைய ஆண்டில் அரசு மருத்துவ இடத்தை உறுதிசெய்த மதிப்பெண், அந்த ஆண்டு தரவரிசையில் பல ஆயிரம் இடங்கள் பின்னுக்குப் போனது. அதே அமைப்பு ஜூன் 18 அன்று நடத்திய யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. இத்தனைக்கும் பிறகு, 2025 மே மாதத்தில் கணக்குப்பதிவியல் வினாத்தாளில் பாடத்திட்டச் சிக்கல் எழுந்து, விரும்புவோர் மறுபடியும் எழுதலாம் என்று அறிவிக்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் விளக்க அறிக்கை வந்தது. தவறுகள் மட்டும் நிற்கவில்லை.

ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்யும் ஒரு தேர்வை ஆண்டுக்கொரு விதியில் நடத்துவது நிர்வாகம் ஆகாது. தேர்வு முறையில் நிலைத்தன்மை வேண்டும். மாநிலங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஆசிரியர்களையும் கலந்துபேசி, எல்லோரும் ஏற்கும் வெளிப்படையான ஏற்பாட்டுக்கு வர வேண்டும். மதிப்பெண் எப்படி வந்தது என்று மாணவரே சரிபார்க்க முடிய வேண்டும். தகுதியால் இடம் தருவதாகச் சொல்லும் ஒரு முறை, அந்தத் தகுதி எப்படி அளக்கப்பட்டது என்பதை மாணவருக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. அதைச் சொல்ல முடியாத தேர்வை நடத்த எவருக்கும் உரிமை இல்லை.