சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?

மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் மாவட்டத்தின் சவரா, நீண்டகரைப் பகுதிகளிலும் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதில் தோரியம் மிகுதி, யுரேனியம் சொற்பம். நம் துறையினர் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். வீட்டுக் காற்றை அளக்கப் புகும்போது மட்டும் மறந்துபோகிறது. யுரேனிய வரிசையில் பிறக்கும் ரேடான்-222இன் அரைவாழ்வு 3.82 நாள். அறை முழுக்கப் பரவ அதற்கு அவகாசம் உண்டு. கருவியை எங்கே மாட்டினாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வரும். தோரிய வரிசையின் ரேடான்-220, அதாவது தோரான், 55.6 நொடியில் பாதியாகிவிடுகிறது. சுவரிலிருந்து கசியும் அந்த வாயுவில் பெரும்பகுதி நடு அறையை எட்டுமுன்பே சிதைந்துவிடும். சுவரோடு ஒட்டி மாட்டிய கருவி ஒன்று சொல்லும், நடுவில் தொங்குவது வேறொன்று சொல்லும். இரண்டும் பொய்யல்ல, ஆனால் அங்கே வசிப்பவரின் நுரையீரலில் சேரும் கதிரளவு இரண்டிலும் இல்லை. அதைத் தீர்மானிப்பவை தோரானின் சேய் அணுக்கள். அவற்றுள் ஈயம்-212க்கு அரைவாழ்வு 10.6 மணி, அது தூசியில் ஒட்டி அறையெங்கும் சுற்றும்.

இது வெறும் நுணுக்கச் சண்டை அல்ல. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான பகுப்பாய்வு, கனமீட்டருக்கு 100 பெக்கரெல் ரேடான் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 8.4 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. அளவீட்டின் நிச்சயமின்மையைத் திருத்தியதும் அதுவே 16 ஆனது. அளவீட்டுத் தடுமாற்றம் மட்டுமே ஆபத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. நம் கரையிலோ நேர்மாறான பிழையும் சேர்கிறது: தோரானைப் பிரித்தறியாத கருவி அதையும் ரேடான் கணக்கில் எழுதிவிடும். பிறகு அந்த எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் 100 பெக்கரெல் வரம்போடு ஒப்பிடுவதில் என்ன பொருள்?

கருநாகப்பள்ளி ஆய்வு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டதே என்பவர்கள் உண்டு. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009இல் வெளியான அந்த ஆய்வு, புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. மதிக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் அதில் கணக்கிடப்பட்டது வெளியிலிருந்து உடலில் விழும் காமாக் கதிர். மூச்சில் புகும் ஆல்ஃபாவுக்கு அதைச் சான்றாக நிறுத்த முடியாது. நம் வீடுகள் காற்றோட்டமானவை என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. திறந்த சன்னல் சேய் அணுக்களை வெளியேற்றும். ஏ.சி. போட்டுக் கதவடைத்த படுக்கையறைக்கு அந்த வாதம் செல்லாது. புகையிலைதான் பெரிய எதிரி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரேடான் கூட்டும் ஆபத்து புகைப்பவரிடம்தான் பல மடங்காகிறது என்று அதே ஐரோப்பியத் தொகுப்பு காட்டுகிறது.

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. தோரானைத் தனியே பிரிக்கும் ஊசித்துளை டோசிமீட்டரையும், சேய் அணுக்களை நேரடியாகப் பதிவுசெய்யும் படல உணரிகளையும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரே உருவாக்கித் தந்திருக்கிறார்கள். ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேய் அணுச் செறிவை அளந்து அனுப்புங்கள். வாயுவை மட்டும் அளந்திருந்தால், கருவி சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருந்தது என்று எழுதுங்கள். அந்தத் தூரம் குறிக்கப்படாத தோரான் அட்டவணை அடுத்த இதழிலிருந்து மதிப்பீட்டுக்கு ஏற்கப்படாது.