கிளமிடியா: மாத்திரை ஒருவருக்கு மட்டும் போதாது!

டாக்டரிடம்கூட பலரும் வாய் திறக்கத் தயங்கும் நோய்களில் கிளமிடியாவும் ஒன்று. பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய் இது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், ஆண்களுக்கு ஆணுறுப்பில் கசிவு போன்றவை இதன் அறிகுறிகள். ஆனால், தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் கிருமி கருக்குழாய் வரை பரவி, குழந்தையின்மைக்குக் காரணமாகலாம்.

ஆறுதலான விஷயம், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையை தினமும் 2 வேளை, 7 நாள்கள் சாப்பிடுவதுதான் முதல் தேர்வு. ஒரே வேளையில் முடிந்துவிடும் அசித்ரோமைசின் 1 கிராம், மாற்று மருந்து. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அசித்ரோமைசின்தான் முதல் தேர்வு. அதனால், நாள் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள்.

எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்ஸிசைக்ளினை நிறைய தண்ணீருடன் விழுங்குங்கள். உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக வேலை செய்யாது.

இத்தனையும் சரியாகச் செய்தும் பலருக்கு இந்தத் தொற்று திரும்ப வரக் காரணம், துணை சிகிச்சை எடுக்காததுதான். மனைவி 7 நாள்களும் மாத்திரை சாப்பிட்டு முடித்திருப்பார். கணவரோ, 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று இருந்துவிடுவார். அவரிடமிருந்து மறுபடியும் மனைவிக்குத் தொற்றும். ஆகவே, இருவரும் சிகிச்சை எடுக்க வேண்டும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை தாம்பத்யத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரே வேளை மருந்து என்றாலும் 7 நாள்கள் காத்திருக்க வேண்டும். 3 மாதம் கழித்து மறுபரிசோதனை அவசியம்.

'யாரால் வந்தது?' என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி அறிகுறியே இல்லாமல் பல மாதங்கள் உடலில் தங்கக்கூடியது. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை முடிவு சொல்லாது.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று இயங்கும் சுகவாழ்வு மையங்களில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசுங்கள். பிறகு, இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள்.