சீஆர் கொப்பியிட்டத் தோத்த கதை

2022 தொடக்கத்தில நாங்கள் நாலுபேர் சேர்ந்து ஒரு டியூட்டரிக்கு வெப்சைட் செய்யப் போனம். பிள்ளைகளின்ர வரவு, மாதக் காசு, பாட அட்டவணை: தேவை இவ்வளவுதான். பிள்ளைகள் முந்நூறு பேர்கூட இல்லை.

நாங்கள் கட்டினது ஆறு மைக்ரோசேர்விஸ், இரண்டு தரவுத்தளம், எல்லாத்துக்கும் மேல குபெர்னெட்டீஸ். அஞ்சு மாதம் போச்சு. அதுக்குள்ள 200 ரூபாவில நிண்ட டொலர் 350 ஐத் தாண்டிச்சு. கிளவுட் பில் டொலரில வந்தது. ஒரு பிள்ளையின்ர காசுகூட அதில பதியப்படேல்லை. சேர் பொறுத்துப் பார்த்திட்டுப் பழைய சீஆர் கொப்பியையே திரும்ப எடுத்தார். கொப்பி வேலை செய்தது, எங்கட சிஸ்டம் செய்யேல்லை.

இதைத் தொழில்நுட்பத் தோல்வி எண்டு சொல்ல மாட்டம். இது பகட்டு. சேருக்காக எண்டு சொல்லிக்கொண்டு, எங்கட சீவியில எழுதுறதுக்காகத்தான் கட்டினம்.

"நெட்ஃபிளிக்ஸ் இப்பிடித்தானே செய்யுது?" எண்டு கேட்பீர்கள். கோடிக்கணக்கான ஆக்கள் ஒரேநேரத்தில படம் பார்க்கிற இடத்தின்ர பிரச்சினை அது. எங்களுக்கு அந்தப் பிரச்சினை வாறதுக்கே முதல்ல ஆக்கள் வரவேணும்.

பெரிய ஆக்களின்ர தொடக்கத்தைப் பாருங்கள். பேஸ்புக் 2004 இல பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் வைச்சுத் தொடங்கினது. விக்கிப்பீடியா இண்டைக்கும் பிஎச்பியிலதான் ஓடுது. 2010 இல வந்த இன்ஸ்டகிராம் ஜாங்கோவையும் போஸ்ட்கிரேஎஸ்கியூஎல்லையும் நம்பினது. 2012 இல அதை நூறு கோடி டொலருக்குப் பேஸ்புக் வாங்கேக்க அங்க வேலை செய்தவை வெறும் 13 பேர்.

பழகின கருவி எங்க உடையும் எண்டு முதலே தெரியும். பிழைச்செய்தியைத் தேடினா, பத்து வருசத்துக்கு முன்னமே ஆரோ பதில் எழுதி வைச்சிருப்பினம். ஒரு சின்ன சேர்வரே காணும். நீங்கள் வெளிநாடு போனாலும் அடுத்த பொடியனோ பிள்ளையோ அதைப் பொறுப்பெடுக்கலாம். இஞ்ச எங்களில எத்தினைபேர் இடையில போறம் எண்டு உங்களுக்கே தெரியும்.

"அப்ப புதுசு படிக்கவே கூடாதோ?" படியுங்கள், சனி ஞாயிறில ஆசைதீரப் படியுங்கள். வேலைக்கான இன்டர்வியூவில அதைத்தான் கேக்கினம் எண்டதும் உண்மை. ஆனா உங்கட படிப்புச் செலவை டியூட்டரி சேரின்ர தலையில கட்டாதேங்கோ. டான் மெக்கின்லி எண்ட பொறியியலாளர் 2015 இல எழுதின கட்டுரையில, ஒரு நிறுவனத்திட்டப் புதுமைக்கெண்டு ஏறக்குறைய மூண்டு டோக்கன்தான் இருக்கு எண்டார். நாங்கள் மூண்டையும் முதல் கிழமையே செலவழிச்சு, கடனும் பட்டம்.

உங்கட முதல் புரொடக்ட்டுக்கு நாங்கள் சொல்லுறது இதுதான்: ஒரு மொழி, ஒரு தரவுத்தளம், ஒரு சேர்வர், ஒவ்வொரு இரவும் பேக்கப். ஒரு மாதத்துக்குள்ள ஒரு உண்மையான ஆளின்ர கையில குடுங்கோ. அவர் கொப்பியை மூடி வைச்சாரெண்டா, அதுக்குப் பிறகு குபெர்னெட்டீஸ் பற்றிக் கதைப்பம்.