மருளும் அருளும்

அயர்லாந்து நாட்டு யூ டூ இசைக்குழுவினரின் பாடல்களுள் ஒன்றுக்கு அதன் சுவைஞர் தந்திருக்கும் இடம் தனியானது. 1987 ஆம் ஆண்டில் 'தி ஜோசுவா ட்ரீ' என்னும் இசைத்தட்டின் முதற்பாட்டாக வெளிவந்த 'வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' என்பதே அது. தெருக்களுக்குப் பெயரில்லாத ஓரிடத்தை நாடும் பாட்டு. இசைத்தட்டில் கேட்பது வேறு, அரங்கில் கேட்பது வேறு என்பர் சுவைஞர். அரங்கில் அது எழும்போது மெய் சிலிர்க்கிறது. கண் நீர் சொரிகிறது. முன்பின் அறியாதவன் தோளில் கை தானே விழுகிறது. இவ்வளவில் நின்றால் வழக்கில்லை. அவ்வேளையில் இறைவனே அரங்கினுள் உலாவுகிறான், அது நிகழ்ச்சியன்று, வழிபாடு என்று மேலும் ஒருபடி ஏறிவிடுகின்றனர். வழக்கு இந்த ஏற்றத்தோடுதான்.

மெய் சிலிர்த்தது பொய்யென்று எவரும் கூற வேண்டியதில்லை. ராக் இசை என்றாலே குடிவெறிக் கூச்சல் என்று காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கேளாமலே தீர்ப்புரைப்பவர்கள். சிலிர்த்தது மெய்யே. ஆயின் சிலிர்ப்பித்தது எது?

அப்பாட்டின் பிறப்பை நோக்குக. குழுவின் கிட்டார்க் கலைஞர் எட்ஜ், அரங்கில் அமர்ந்திருக்கும் சுவைஞன் எதைக் கேட்க விரும்புவான் என்று எண்ணிப் பார்த்தே அதன் தொடக்கத்தை வீட்டில் அமைத்தார். அரங்கை நிரப்புவதற்கென்றே செய்யப்பட்டது அது. முதலில் வழிபாட்டு மன்றத்தை நினைவூட்டும் ஆர்கன் ஓசை மெல்ல விரியும். எதிரொலிக் கருவியின் வழியே கிட்டார் துளித்துளியாகச் சிந்தும். தாளம் மும்மூன்றாக எண்ணத்தக்க நடையில் தொடங்கி நந்நான்காக மாறும். பாடகரின் குரலோ நெடுநேரம் வாராது. 1987 இன் நிகழ்ச்சிகளில் செந்நிறத் திரையின்முன் நால்வரும் நிழலுருவாய்த் தோன்றினர். காத்திருக்கச் செய்து, காத்திருப்பை முறுக்கேற்றி, பின்னர் ஒரே நொடியில் அவிழ்த்துவிடும் கலை இது. 2001 ஆம் ஆண்டுப் பயணத்தில் பாடகர் போனோ, விவிலியத்தின் 116 ஆம் சங்கீத வரிகளைச் சொல்லிவிட்டே இப்பாட்டுக்குள் நுழைந்தார். செவியை முன்னரே கோவிலாக்கிவிட்டுப் பின்னர்ப் பாடினால், கேட்டவன் கோவிலைக் கண்டேன் என்பதில் வியப்பென்ன?

ஆற்றல் பாட்டிலேயே உறைகிறது என்பார்க்கு ஒரு வினா. 1991 இல் இங்கிலாந்தின் பெட் ஷாப் பாய்ஸ் இருவர் இதே சொற்களையும் இதே மெட்டையும் எடுத்து, 1967 இல் வந்த ஒரு காதற்பாட்டோடு பிணைத்து, ஆட்டக்கூடத்து மெட்டாக்கி வெளியிட்டனர். கேட்டவர் ஆடினர். அன்று இறைவன் எங்குச் சென்றிருந்தான்?

2002 பிப்ரவரி 3 ஆம் நாள் நிகழ்ச்சியைச் சிலர் சான்று காட்டுவர். நியூ ஆர்லியன்சில் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையில் அக்குழுவினர் பாடினர். முந்திய செப்டம்பர் 11 ஆம் நாள் மாண்டோரின் பெயர்கள் பின்னே உயர்ந்த திரையில் ஏறிக்கொண்டே இருந்தன. மாண்டோர் ஏறத்தாழ மூவாயிரவர். ஐந்து திங்கள்கூட ஆறாத புண். பெயரில்லாத் தெருக்களைப் பாடும்போது பெயர்களே கண்ணீர் வருவித்தன. அத்துயரம் பாட்டு கொணர்ந்தது அன்று. கேட்டோர் தம்மோடு கொணர்ந்தது. அதனைப் பாட்டின் தெய்வ ஆற்றல் என்று எழுதி வைப்பது, துயருற்றவர் பொருளை மேடையின் கணக்கில் வரவு வைப்பதாகும்.

இத்தகைய நிலைக்குத் தமிழில் பெயர் இல்லையா? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையை வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கையும் சுட்டினார். பல்லாயிரவர் திரண்ட அரங்கில் பெருமைக்குக் குறைவில்லை; மருட்கையும் உவகையும் ஒருங்கே பொங்குகின்றன. மருட்சியை அருள் என்று மாற்றிப் பெயரிட்டவுடன் ஆராய்ச்சிக்குக் கதவடைகிறது. அருளை எவன் ஆராய்வான்? 'எவ்வாறு செய்தனர்?' என்று மாணவன் கேட்க வேண்டிய இடத்தில் கைகூப்பி நின்றுவிடுகிறான். இசைக்கு நேர்வது நாளை இலக்கியத்துக்கும் நேரும். கவிதை நன்றாயிருக்கிறது, ஏனெனில் அது தெய்வ வாக்கு என்று விடையெழுதும் மாணவனுக்கு எந்த ஆசிரியர் மதிப்பெண் இடுவார்?

இதில் வேடிக்கையும் ஒன்றுண்டு. பெல்ஃபாஸ்ட் நகரில் ஒருவன் குடியிருக்கும் தெருவின் பெயரைக் கேட்டாலே அவன் சமயத்தையும் வருவாயையும் சொல்லிவிடலாம் என்பதே இப்பாட்டுக்குக் கருவாயிற்று என்று போனோ கூறியிருக்கிறார். 1985 இல் எத்தியோப்பியப் பஞ்ச முகாமில் அவர் தொண்டு செய்த நாள்களும் அதில் கலந்துள்ளன. சமயப் பெயர்ப்பலகை இல்லாத தெருவைத் தேடிய பாட்டு அது. அன்பர்களோ அதன்மீதே ஒரு சமயப் பலகையை மாட்டுகின்றனர்!

அருள் என்று சொல்லிவிட்டால் உழைத்தவர் பங்கு யாரைச் சேரும்? அந்த இசைத்தட்டுக்குச் செலவான காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு பாட்டே விழுங்கிற்று. தயாரிப்பாளருள் ஒருவரான பிரயன் ஈனோ சலித்துப்போய், ஒலிநாடாவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்றுகூட எண்ணினார். தாளக்கட்டு ஒழுங்கற்றதாய் இருந்தமையால் குழுவினர் தடுமாறினர்; எரிச்சலுற்றனர். அப்போது மற்றொரு தயாரிப்பாளரான டேனியல் லான்வா கரும்பலகையில் மாற்றங்களை எழுதி வைத்து, அறிவியல் ஆசிரியரைப்போல் ஒவ்வோர் இடமாகச் சுட்டிக் காட்டி நால்வரையும் நடத்திச் சென்றார்.