தென்னையை வெட்டும் முன்... வெயிலுக்கு முந்தி வீட்டுத் தோட்டத்தில் 4 வேலைகள்!

மாங்காடு, திருமுல்லைவாயில், திருவேற்காடு, பூவிருந்தவல்லி... சென்னையின் மேற்குப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே மாமரமும் முல்லைக்கொடியும் வேலமரமும் பூவும் வரிசையாக வந்து நிற்கும். அடுக்குமாடிகள் பெருகிவிட்டாலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தனி வீடுகளின் பின்புறத்தில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை இன்னும் மிச்சமிருக்கின்றன.

இளவேனில் சித்திரையில் பிறக்கிறது என்பது கணக்கு. ஆனால், மே முதல் வாரத்திலேயே நமக்கு அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். வேம்பு இலை உதிர்த்துத் தளிர்விடும் மாசியும் பங்குனியும்தான் நம் தோட்டங்களுக்கு வசந்தம். ரசாயனம் இல்லாமல் தோட்டத்தைக் கோடைக்குத் தயார்செய்ய, இப்போதே இந்த 4 வேலைகளைத் தொடங்கிவிடுங்கள்.

1. தென்னையில் வெள்ளை ஈயா? பதற வேண்டாம்!

"ஓலையெல்லாம் கறுத்துப்போச்சு, கீழே நிறுத்துற கார் மேல பிசுபிசுன்னு ஒட்டுது, மரத்தை எடுத்துடுங்களேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். இருபது வருடம் வளர்த்த மரத்தை ஒரே காலையில் வெட்டிச் சாய்க்கும் முடிவு பல வீடுகளில் இப்படித்தான் எடுக்கப்படுகிறது.

இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி, இந்தியாவில் முதன்முதலில் 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பான திரவம்தான் கீழே பிசுபிசுவென ஒட்டுகிறது. அதன்மேல் வளரும் பூசணம்தான் அந்தக் கறுப்பு. மரம் சோர்ந்துபோகும், காய்ப்பு குறையலாம். ஆனால் பொதுவாக இதனால் மரம் செத்துப்போவதில்லை. வெட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பூச்சிக்கொல்லியும் வேண்டாம். வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற மிகச்சிறிய குளவி நம் ஊரிலேயே இருக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஈ மறுபடி பெருகிவிடும். வேரில் மருந்து கட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்த மரத்து இளநீரை யார் குடிக்கப்போகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* எட்டும் உயரத்து ஓலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள்.
* மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். பறக்கும் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.
* 5 மில்லி வேப்பெண்ணெயில் சில சொட்டு காதி சோப்புக் கரைசலை முதலில் நன்றாகக் கலந்து, பிறகு 1 லிட்டர் தண்ணீர் சேர்த்து, மாலையில் தெளியுங்கள். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை விட்டால் கலக்காது.
* கறுப்புப் பூசணத்துக்கு, 1 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதா கரைத்துத் தெளிக்கலாம். காய்ந்ததும் பூசணம் செதில் செதிலாக உதிரும்.

அடியில் நிற்கும் கொய்யா, வாழை இலைகளையும் திருப்பிப் பாருங்கள். இந்த ஈ அவற்றிலும் குடியேறும்.

2. சருகைக் கொளுத்தாதீர்கள்

காலையில் வாசல் பெருக்கி, சருகைக் குவித்து, தீக்குச்சி கிழித்துப் போடுவது இந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. குப்பையைத் தெருவிலும் பொது இடத்திலும் எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதைவிட முக்கியம், நாம் எரிப்பது இலவச உரத்தை.

சருகை 2 அங்குலக் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். இதுதான் மூடாக்கு. மண்ணில் ஈரம் நிற்கும், களையும் குறையும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகல் வரும். நான்கு விரல் இடம் விடுங்கள். மீதியை ஒரு தொட்டியில் போட்டு, புளித்த மோரும் கொஞ்சம் மண்ணும் சேர்த்து ஈரமாக வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் மட்கு உரம் தயார்.

3. தண்ணீர்க் கணக்கு

2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். அரிசி, பருப்பு கழுவிய நீரும் ஏசி-யிலிருந்து வடியும் நீரும் செடிக்கு நல்லது. ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம் என்பதால், அது தரை துடைக்கவும் கழிவறைக்கும் போதும். சூரியன் ஏறும் முன் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, வேர்வரை இறங்கும்படி விட்டு விட்டு ஊற்றுவது நல்லது. தொட்டிச் செடிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குத் தினமும் வேண்டும்.

4. இப்போது என்ன விதைக்கலாம்?

வெயிலைத் தாங்கும் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போதும். கேரட், முட்டைக்கோஸ் ஆசையைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். மாதத்துக்கு இருமுறை, 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏப்ரலுக்குள் நிழல்வலை கட்டிவிடுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தென்னை ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில் தொடங்குங்கள். மே மாத மதியத்தில் வீட்டின் பின்பக்கச் சுவரில் நிழல் விழ வேண்டுமென்றால், அந்த மரம் நிற்க வேண்டும்.